தூங்காநகரத்தில் தூங்க விடப்படாத பிள்ளைகள்

வணக்கம். காலை 5 மணி. மேலூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு வரும் பஸ். ஜன்னலில் தலை முட்ட முட்டத் தூங்கிக்கொண்டே டியூஷனுக்குப் போகிறான் ஒரு பத்தாம் வகுப்பு மாணவன். நாலரை மணிக்கு எழ முடியாமல் புரண்டபோது வீட்டில் அவனுக்குக் கிடைத்த பட்டம் "சோம்பேறி". அது எவ்வளவு பெரிய பழி என்று பார்ப்போம்.

அறிவியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரந்து தூக்கத்துக்கு உடலைத் தயார்செய்கிறது. பருவ வயதில் அந்தச் சுரப்பு ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போகிறது. செல்போன் வெளிச்சம் இன்னும் தள்ளும், மறுக்கவில்லை. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். 11 மணிக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறவனுக்குக் கிடைப்பது ஐந்தரை. ஆறு நாளில் 15 மணி நேரம் பாக்கி. ஏறக்குறைய இரண்டு முழு இரவுகள்!

இனி நம் ஊர்க் கதை. சங்க காலத்திலேயே பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று நடத்திய ஊர் மதுரை. இரவில் உழைக்கிறவரின் அருமை நமக்குத் தெரியும். விடிய விடிய மார்க்கெட்டில் மூட்டை இறக்கிவிட்டு வந்து ஒருவர் காலை பத்து மணிக்குத் தூங்கினால், வீடே அடங்கிவிடும். மிக்சியைப் போடமாட்டோம். வாசலில் விளையாடும் குழந்தையிடம், "மெதுவாடா, மாமா ராத்திரியெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்திருக்கிறார்" என்போம். எவ்வளவு அழகான மரியாதை! அதே வீட்டில் ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வரை தூங்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் முகத்தில் தண்ணீர் தெளிக்கிறோம். இருவரின் உடலும் கேட்பது ஒன்றுதானே? பெரியவருக்குக் கொடுத்த மரியாதையைச் சிறியவருக்கு ஏன் மறுக்கிறோம்? எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2019இல் சட்டமே இயற்றினார்கள். 2022 முதல் அங்கே பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை 8:30க்கு முன்னால் தொடங்கக் கூடாது. தங்களைப் பற்றிய விஷயங்களில் பிள்ளைகளின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிற ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியாவும் 1992இல் ஏற்றிருக்கிறது.

டியூஷன் நடத்தும் ஆசிரியர்களே, அடுத்த மாத அட்டவணையை எழுதுவதற்கு முன் பிள்ளைகளிடம் ஒருமுறை கேளுங்கள்: "காலை ஐந்தா, மாலை ஆறா?" இதைப் பார்க்கும் மாணவர்களே, நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றையும் படிப்பேன்.