எட்டரை மணிக்கே படுத்தால் தூக்கம் வருமா?

வணக்கம் நேயர்களே. பழைய வண்ணாரப்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கிறேன். ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இருபது வருடம் நடுராத்திரி 2 மணிக்கு எழுந்து, காசிமேட்டில் ஏலம் எடுத்து, கூடையில் மீன் விற்றவர். முழங்கால் போனதும் வியாபாரத்தை மகளிடம் விட்டுவிட்டார். வியாபாரம் கை மாறியது, 2 மணி முழிப்பு மட்டும் அவரோடு தங்கிவிட்டது.

"எட்டரைக்கே படுத்துடறேன் டாக்டரு. கண்ணு மூட மாட்டேங்குது" என்றார். எழுவது 6 மணிக்கு. கணக்குப் போட்டால் பாயில் ஒன்பதரை மணி நேரம், தூக்கம் 5 மணி நேரம். மிச்ச நேரமெல்லாம் புரள்வது, மணி பார்ப்பது, மகனின் கடனை நினைப்பது.

வாரத்துக்கு 3 இரவாவது, 3 மாதமாக இப்படி இருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. ஆரம்பித்து வைத்த காரணம் போன பிறகும் அது நீடிக்கும். தூக்கத்தைப் பிடித்துவிடலாம் என்று சீக்கிரம் படுப்பதே அதற்குத் தீனி. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது சேரச் சேரத்தான் தூக்கம் அழுத்தும். சேருமுன் படுப்பது, பசிக்காமல் பந்தியில் உட்காருவது மாதிரி. நாளடைவில் பாயைப் பார்த்தாலே மனசு முழித்துக்கொள்கிறது.

இதற்கான வைத்தியத்துக்குப் பெயர் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. பேரைக் கேட்டாலே கொட்டாவி வரும். மாத்திரைக்கு முன்னால் இதைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற டாக்டர்கள் சங்கம் 2016இல் பரிந்துரைத்தது. அந்த அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: இரவு 12க்கு முன் படுக்கக் கூடாது, காலை ஐந்தரைக்கு எழுந்தே ஆக வேண்டும், பகல் தூக்கம் கிடையாது, சாயங்கால டீயும் கிடையாது. தூக்கம் வராவிட்டால் பாயை விட்டு எழுந்துவிட வேண்டும்.

"ஒரே ரூம்ல அஞ்சு பேரு. எங்க எழுந்து போறது?" என்று கேட்டார். நியாயம்தானே? புத்தகங்கள் இன்னொரு அறைக்குப் போகச் சொல்கின்றன. பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வாசற்படியில் உட்காருங்கள், தூக்கம் சொக்கினால் திரும்பிப் போங்கள் என்றேன். தெருமுனையில் கன்டெய்னர் லாரி அடிக்கிற ஹாரனுக்கு மட்டும் என்னிடம் மருந்தில்லை.

முதல் வாரம் பகலெல்லாம் கண் எரியும். அதனால் லாரி, கிரேன் ஓட்டுகிறவர்கள், வலிப்போ, அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருதுருவ மனநோயோ உள்ளவர்கள் டாக்டர் இல்லாமல் இதைத் தொடக் கூடாது. குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறுகிறவர்களுக்கு வேறு பிரச்சினை, வேறு பரிசோதனை. தினமும் தூக்க மாத்திரை போடுகிறவர்கள் சட்டென்று நிறுத்த வேண்டாம். டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

மூன்றாம் வாரம் அந்த அம்மா வந்தார். முகத்தில் கோபம். "பத்து மணிக்கு சீரியல் பாக்கும்போதே சொக்குது டாக்டரு, பன்னெண்டு வரைக்கும் எப்படித் தாங்கறது?"

கால் மணி நேரம் முன்னால் படுத்துக்கொள்ளச் சொன்னேன்.