ஐஸ்லாந்தில் ஐந்து நாள்: போன வழியே திரும்பலாம்

நேயர்களுக்கு வணக்கம்.

வெளிநாட்டில் வாடகைக்குக் கார் எடுத்து, தாமே ஓட்டிச் சுற்றிப் பார்க்கும் ஆசை இப்போது நம்மில் பலருக்கும் வந்துவிட்டது. அதிலும் ஐஸ்லாந்து என்றால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஐந்து நாள் இருக்கிறது, தீவை ஒரு சுற்றுச் சுற்றிவிடலாமா?" வேண்டாம் என்பேன். தென்கரையோடு மட்டும் போங்கள், போன வழியே திரும்பி வாருங்கள்.

தீவைச் சுற்றிவரும் ஒன்றாம் எண் நெடுஞ்சாலை ஏறக்குறைய 1,320 கிலோமீட்டர். ஐந்தால் வகுத்தால் நாளைக்கு 260 சொச்சம். நம் ஊர்க் கணக்கில் இது காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் முடிகிற தூரம். ஆனால் அங்கே தார்ச்சாலையில் உச்ச வேகமே 90 கிலோமீட்டர், சரளைச் சாலையில் 80. பெரும்பகுதி, எதிரெதிர் வண்டிகளுக்கு ஆளுக்கு ஒரு தடம் மட்டுமே உள்ள சாலை. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே பயணத்தைத் தீர்மானிப்பது காற்று.

அந்நாட்டு வானிலை அறிக்கை காற்றின் வேகத்தை வினாடிக்கு இத்தனை மீட்டர் என்று சொல்லும். 15 என்று பார்த்தால் சின்ன எண்ணாகத் தோன்றும். அது மணிக்கு 54 கிலோமீட்டர். 20 என்றால் 72. பதினைந்தைத் தாண்டினால் படுக்கை வசதியுள்ள உயரமான வேன்களை எடுக்காதீர்கள். இருபதைத் தாண்டினால் எந்தக் காரையும் எடுக்காதீர்கள், விடுதியிலேயே இருங்கள். வண்டியை நிறுத்தும்போது முகப்பு காற்றைப் பார்த்து இருக்கட்டும். கதவை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு திறங்கள். காற்று கதவைப் பிடுங்கி மடக்கிவிட்டால், பெரும்பாலான காப்பீடுகள் அந்தச் சேதத்தை ஏற்பதில்லை. முழுச் செலவும் உங்கள் தலையில் விழும்.

காப்பீடு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். வாடகைக் காரோடு வரும் அடிப்படைக் காப்பீட்டில் சரளைக்கல் தெறித்துக் கண்ணாடி உடைவது, மணற்புயலில் பெயின்ட் உரிந்துபோவது இரண்டும் பெரும்பாலும் சேராது. தென்கரைக்குப் போகிறவர்கள் இந்த இரண்டையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அங்கே கடற்கரைக்கும் பனியாற்றுக்கும் நடுவே கறுப்பு மணல்வெளி மைல்கணக்கில் கிடக்கிறது.

அந்த மணல்வெளிகளில் பெரியது ஸ்கெய்தாரார்சந்தூர். தீவைச் சுற்றும் சாலை 1974 வரை முழுமையடையாமல் இருந்ததற்கு இந்த இடம்தான் காரணம். நிலத்தையே மூடிக் கிடக்கும் வாட்னயோகுல் என்னும் பெரும் பனிப்பரப்பிலிருந்து இறங்கும் ஆறுகள் இங்கே தடம் மாறி மாறி ஓடும். பாலம் கட்ட நிலையான கரையே கிடையாது. அந்த ஆண்டுதான் நீண்ட பாலங்கள் எழுந்தன, வட்டம் இணைந்தது. 1996 இலையுதிர் காலத்தில் பனிக்கு அடியிலேயே எரிமலை வெடித்தது. உருகிய நீர் பனிக்கடியில் வாரக்கணக்கில் தேங்கி, நவம்பர் 5ஆம் தேதி உடைத்துக்கொண்டு வந்தது. வீடு அளவு பனிப்பாறைகளைச் சுமந்து வந்த வெள்ளம் ஒரு பாலத்தை முழுதாகவும் இன்னொன்றில் ஒரு பகுதியையும் அடித்துப்போனது. வரப்போவது தெரிந்து காத்திருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. முறுக்கிப்போன இரும்பு உத்திரங்களைச் சாலையோரமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே கட்டாயம் வண்டியை நிறுத்துங்கள். அந்த இரும்பைத் தொட்டுப் பார்த்தவர்கள், "சாலை மூடியிருக்கிறது" என்று பலகை சொன்னால் எதிர்க்கேள்வி கேட்கமாட்டார்கள்.

போன வழியே திரும்புவதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். போகும்போது மழையில் மறைந்த பனிமலை, வரும்போது வெயிலில் முழுசாகத் தெரியும். முதல் நாள் காற்றால் இறங்க முடியாத இடத்துக்கு இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கும். தீவைச் சுற்றப் புறப்பட்டவருக்கு இந்த வசதி இல்லை. ஒரு நாள் சாலை மூடினால் விடுதிப் பதிவுகள் வரிசையாகக் கெடும். அந்தப் பதற்றத்தில்தான் ஓட்டக்கூடாத காற்றில் ஓட்டத் துணிகிறார்கள்.

ஆகவே இப்படித் திட்டமிடலாம். விமானம் இறங்கிய நாளில் ஓட்ட வேண்டாம். நம் ஊரிலிருந்து விமானம் மாறிப் போய்ச் சேரும்போது கண்ணில் தூக்கம் இருக்கும். பேருந்தில் தலைநகர் ரேக்யவீக் போய்ப் படுத்துவிடுங்கள். மறுநாள் காரை எடுத்து வீக் என்ற சிற்றூர் வரை போங்கள், 190 கிலோமீட்டருக்குள்தான். வழியில் செல்யாலண்ட்ஸ்ஃபாஸ் அருவிக்குப் பின்னாலேயே நடந்து வரலாம், மழைச்சட்டை அவசியம். அடுத்து ஸ்கோகாஃபாஸ், அறுபது மீட்டர் உயரத்திலிருந்து ஒரே திரையாக விழும். வீக் அருகே ரேனிஸ்ஃபியாரா கறுப்புக் கடற்கரை. அங்கே அலைக்கு முதுகு காட்டாதீர்கள். அமைதியாக இருக்கும் கடலிலிருந்து திடீரென ஓர் அலை வெகுதூரம் ஏறிவந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும், பலர் இறந்திருக்கிறார்கள். எச்சரிக்கை விளக்குக்குக் கீழ்ப்படியுங்கள். குழந்தைகளின் கையை விடவே விடாதீர்கள்.

மூன்றாம் நாள் இன்னும் 190 கிலோமீட்டர் கிழக்கே, யோகுல்சார்லோன் பனியேரி. உடைந்த பனிப்பாறைகள் நீலமாக மிதந்து கடலுக்குப் போகும். அந்தப் பக்கமே இரவு தங்குங்கள். நான்காம் நாள் திரும்புங்கள், ஐந்தாம் நாளில் பாதியை எதுவும் எழுதாமல் காலியாக விடுங்கள். அந்தப் பாதி நாள் காற்றுக்கு உரியது. ஜூனில் ரேக்யவீக்கில் நள்ளிரவு வரை வெளிச்சம் இருக்கும்; டிசம்பரில் நான்கு மணி நேரம்தான். முதல்முறை போகிறவர்கள் கோடையையே தேர்ந்தெடுங்கள்.

நம் ஓட்டுநர்களுக்குச் சிலது புதிது. வலப்பக்கம் ஓட்ட வேண்டும். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். ரவுண்டானாவில் உள்தடத்தில் இருப்பவர் வெளியே வரும்போது வெளித்தடத்தில் இருப்பவர் வழிவிட வேண்டும். ஒற்றைத் தடப் பாலங்களில் யார் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறாரோ அவர் முதலில் போவார். சந்தேகம் என்றால் நீங்களே நில்லுங்கள். படம் எடுக்க நடுச்சாலையில் நிறுத்தாதீர்கள். சாலையை விட்டு இறங்கிப் பாசி மேல் ஓட்டுவது குற்றம், அபராதம் கடுமை. சக்கரம் பதிந்த தடம் அந்தப் பாசியில் பல்லாண்டு காலம் ஆறாது.

புறப்படும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஓராண்டு செல்லும். அசல் உரிமத்தையும் கூடவே வைத்திருங்கள். ஆளில்லாத பெட்ரோல் பங்குகளில் ரகசிய எண்ணோடு கூடிய அட்டை தேவை. நான்கு இலக்க எண்ணை வங்கியில் முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். டாங்கு பாதியானதும் நிரப்புங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், பாட்டிலுக்குச் செலவு வேண்டாம்.

தினமும் காலையில் சாலை நிலவரத்தையும் வானிலையையும் பாருங்கள். சேஃப்டிராவல் என்ற தளத்தில் உங்கள் பயணத் திட்டத்தைப் பதிவு செய்யலாம். அதை நடத்தும் மீட்புச் சங்கத்தில் களத்தில் இறங்குகிறவர்கள் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். ஆபத்து என்றால் அழைக்க வேண்டிய எண் 112. அதை இன்றே கைப்பேசியில் பதிந்துவையுங்கள்.

வணக்கம்.