பாரம் இறங்கிய நிலம்

அவையோருக்கு வணக்கம்.

1731ஆம் ஆண்டு ஸ்வீடனின் யெவ்லே நகருக்கு அருகே, கடலோரப் பாறை ஒன்றில் நீர்மட்டத்தைக் குறித்துக் கோடு செதுக்க வைத்தார் ஆண்டர்ஸ் செல்சியஸ். வெப்பநிலை அளவுக்குப் பெயர் தந்த அதே செல்சியஸ்தான். சீல் எனும் கடல்விலங்குகள் ஏறிப் படுத்த பாறைகள், நீரைவிட்டு வெகுவாக உயர்ந்து, வேட்டைக்கு உதவாமல் போயிருந்தன. கடல் வற்றுகிறது என்று அவர் முடிவுகட்டினார். அளந்தது சரி, காரணம் தப்பு. எழுந்தது நிலம். பனியுகத்தில் படர்ந்திருந்த பனியின் எடைதான் நிலத்தை அமுக்கியிருந்தது என்ற விளக்கத்தை ஸ்காட்லாந்தின் தாமஸ் ஜேமிசன் 1865இல் முன்வைத்தார்.

கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் பனியாற்றுப் பனி சுமார் 917 கிலோ. புவியோட்டுக்குக் கீழே உள்ள கவசப் பாறை அதே அளவுக்குச் சுமார் 3,300 கிலோ. ஆகவே பனியின் தடிமனில் கால் பங்குக்குச் சற்று மேல் நிலம் அமிழும். 3 கிலோமீட்டர் பனி நெடுங்காலம் உட்கார்ந்தால் 800 மீட்டருக்கும் அதிகமான பள்ளம். ஸ்வீடனின் ஸ்கூலெ மலையில் பழைய கடற்கரைத் தடம் இன்று 286 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனி விலகிச் சுமார் 10,000 ஆண்டுகள் ஆகியும் போத்னியா வளைகுடாவின் வடபகுதி ஆண்டுக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் எழுந்துகொண்டே இருக்கிறது.

பாரம் போனதும் ஏன் உடனே எழவில்லை? நிலத்துக்குள் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று மீள்தன்மை. சுமை குறைந்த கணமே புவியின் ஓடு கொஞ்சம் நிமிரும். அளவு சிறிது, தாமதம் இல்லை. மற்றொன்று பாகுத்தன்மை, அதாவது எளிதில் ஓட மறுக்கும் கெட்டித்தன்மை. பக்கவாட்டில் பிதுங்கிப்போன கவசப் பாறை மெல்ல ஊர்ந்து திரும்ப வேண்டும். ஸ்காண்டிநேவியாவின் எழுச்சியை வைத்து 1935இல் புவி இயற்பியலாளர் ஹாஸ்கல் கணித்த பாகுத்தன்மை 10இன் 21ஆம் அடுக்கு பாஸ்கல்-விநாடி. கவசம் சூடாக உள்ள இடங்களில் இது நூறு மடங்குக்கும் மேல் குறையலாம். அங்கே ஆயிரமாண்டு வேலை சில பத்தாண்டுகளில் நடக்கும்.

அலாஸ்காவின் தென்கிழக்கு அப்படிப்பட்ட இடம். 1794இல் ஆங்கிலேயக் கடலோடி வான்கூவரின் பயணக்குழு கண்டபோது கிளேசியர் விரிகுடா முழுக்கப் பனி. 1879இல் இயற்கையியலாளர் ஜான் மியூர் போனபோது பனிமுகம் 60 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. அங்கே நிலம் இன்று ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிமீட்டர் எழுகிறது. ஐஸ்லாந்தின் ஹோப்ன் துறைமுகத்துக்கும் இத்தகைய எழுச்சியால் தலைவலி: கடல்தரையும் சேர்ந்து எழுகிறது. ஆழம் குறைவது பாதிச் சிக்கல்தான். துறைமுகம் அமைந்த காயல் சுருங்குவதால் ஏற்றவற்றத்தில் உள்ளே வந்து போகும் நீரும் குறைகிறது. வாய்க்காலை அரித்துச் சுத்தமாக வைத்திருந்த ஓட்டம் தளர, மணல் தங்குகிறது.

இப்போது அளவீட்டுக்கு வருவோம். பிழைகள் விளைவது இங்கேதான். நிலத்தின் உயரத்தை அளக்கும் ஜி.பி.எஸ். கருவியின் தூணைத் தாய்ப்பாறையிலேயே ஊன்ற வேண்டும். பனியாறு விட்டுப்போன மண்ணில் ஊன்றினால், உறைந்து இளகும் மண் தூணையும் ஆட்டும். ஆன்டெனாமேல் பனி படிந்தால் சமிக்ஞை தாமதித்துப் பொய் உயரம் காட்டும். ஐஸ்லாந்தில் குளிர்காலப் பனிச்சுமைக்கே நிலம் தாழ்ந்து கோடையில் எழும். பெரிய பனியாறுகளுக்குப் பக்கத்தில் இந்த ஆட்டம் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டும். ஓர் ஆண்டு ஏப்ரலிலும் அடுத்த ஆண்டு செப்டம்பரிலும் அளந்து கழித்தால், பருவ ஆட்டமும் எழுச்சியாகக் கணக்கில் ஏறிவிடும். ஒரே பருவத்தில், பல ஆண்டுகள் அளக்க வேண்டும். தொடர் பதிவு இருந்தால் இன்னும் நல்லது.

கரையில் நின்று கடல்மட்டத்தை அளக்கும் ஓதமானி வேறு விதத்தில் ஏமாற்றும். அது காட்டுவது கடலுக்கும் கரைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும். கடல் 4 மில்லிமீட்டர் ஏற, நிலம் 9 எழுந்தால், கருவி 5 மில்லிமீட்டர் இறக்கம் என்று எழுதும். அதை மட்டும் பார்த்துக் கடல்மட்டம் உயரவில்லை என்று வாதிடுவோர் செல்சியஸின் பிழையையே திரும்பச் செய்கிறார்கள், அவருக்காவது ஜி.பி.எஸ். இல்லை.

ஈர்ப்புவிசையின் மாற்றத்தைக் கொண்டு பனியின் எடையைக் கணிக்கும் கிரேஸ் செயற்கைக்கோள்களுக்கு எதிர்ச்சிக்கல். கீழே திரும்பிவரும் பாறையும் நிறைதான். கழிக்காமல் விட்டால் பனி இழப்பு குறைவாகத் தெரியும். அண்டார்டிக்காவின் பனிக்கணக்கில் இந்தத் திருத்தம் எப்போதும் தகராறுக்குரியது.

எழுச்சிக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பனியின் விளிம்புக்கு வெளியே அன்று புடைத்த நிலம் இன்று தணிகிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாக் கரையில் ஏறும் கடலோடு இறங்கும் நிலமும் சேர்ந்துகொள்கிறது.

மேற்கு அண்டார்டிக்காவின் அமுண்ட்சன் கடலோரத்தில் 2018இல் வெளியான அளவீடு ஆண்டுக்கு 41 மில்லிமீட்டர் வரை காட்டியது. பனியாற்றின் அடித்தரை இப்படி எழுந்தால், மிதக்கவிருந்த பனி மறுபடி தரைதட்டும், பின்வாங்கல் தணியும். ஆனால் பனி மெலியும் வேகம் பாறை ஊரும் வேகத்தை முந்தினால், தரை எழுந்து வரும்போது அதன்மேல் தட்டுவதற்குப் பனி இருக்காது.