எதில் சேரலாம் மாமா?

வணக்கம். இன்றைக்கு எங்கேயும் ஊர் சுற்றவில்லை. மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். நடுவில் குக்கர் விசில் கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்கா பையன் இந்த வருடம் எட்டாம் வகுப்பு. போன வாரம் பள்ளியில் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். என்சிசி என்கிற தேசிய மாணவர் படை, சாரணர், ஜேஆர்சி என்கிற இளம் செஞ்சிலுவைச் சங்கம், தேசிய பசுமைப் படை, இதில் எதில் சேர விருப்பமோ அதில் டிக் அடித்து, வீட்டில் கையெழுத்து வாங்கி வர வேண்டும். அக்கா, "எதில் சேர்ந்தால் பின்னாடி காலேஜ் சீட்டுக்கு உதவும்?" என்கிறாள். அவன், "எதில் மாமா சாப்பாடு போடுவார்கள்?" என்கிறான். எனக்கு அவன் கேள்விதான் பிடித்தது. ஏனென்றால் நான் என்சிசியில் சேர்ந்ததே பரேட் முடிந்ததும் கிடைக்கிற பூரி கிழங்குக்காகத்தான்.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு மைதானத்தில் இருக்க வேண்டும். அதற்கு முந்தின ராத்திரி ஷூவுக்கு பாலிஷ், பெல்ட் பித்தளைக்கு பிராசோ. துணியில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தால் முதலில் கறுப்பாக வரும், விடாமல் தேய்த்தால் முகம் தெரியும். அப்பா சவரம் செய்யும் கண்ணாடியில்கூட நான் அவ்வளவு நேரம் முகம் பார்த்ததில்லை. கட்டளை எல்லாம் இந்தியில்தான். சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல். எங்களில் யாருக்கும் இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது, ஆனால் கால் மட்டும் சரியாக நகரும். நிற்கச் சொல்லும் கட்டளை என்ன தெரியுமா? "தம்"! முதல் நாள் சார் மைதானமே அதிர "தம்" என்று கத்த, நாற்பது பையன்களும் நிற்பதற்குப் பதிலாகச் சிரித்துவிட்டோம். அதற்குத் தண்டனையாக மைதானத்தை ஐந்து சுற்று.

இதில் ஒரு பழைய கதை உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1968 ஜனவரி 23 அன்று சட்டமன்றத்தில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் வந்ததே, அதிலேயே என்சிசியில் இந்திக் கட்டளை கூடாது என்றும் இருந்தது. அவ்வளவு பெரிய தீர்மானத்தில் பள்ளிக்கூட மைதானத்துக்கும் இடம் இருந்திருக்கிறது! சரி, அது இருக்கட்டும்.

எட்டு, ஒன்பது இரண்டு வருடம், 'ஏ' சான்றிதழ் தேர்வு, அதோடு முடிந்தது. யூனிஃபார்மைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் நம் ஊரில் பாட்டும் கிடையாது, பரேடும் கிடையாது, பப்ளிக் எக்ஸாம் மட்டும்தான். காலேஜில் தொடர்ந்து 'சி' சான்றிதழ் வாங்கினால், எழுத்துத் தேர்வு இல்லாமல் ராணுவ அதிகாரி நேர்முகத்துக்குப் போக ஒரு வழி இருக்கிறது. அதை விளக்கி நிறைய வீடியோ இருப்பதால் நான் அதற்குள் போகவில்லை.

நான் காட்ட நினைத்தது இதை. கொஞ்சம் இருங்கள், ஃபோகஸ் ஆகட்டும். தெரிகிறதா? நாட்டு நலப்பணித் திட்டம், என்எஸ்எஸ் பேட்ஜ். பிளஸ் ஒன்னில் வாங்கியது, ஊக்கு துருப்பிடித்துவிட்டது. நடுவில் இருப்பது கொனார்க் கோயில் தேர்ச்சக்கரம். எட்டு ஆரம் என்றால் எட்டு சாமம், ஒரு முழு நாள். இருபத்து நான்கு மணி நேரமும் தயாராக இரு என்று அர்த்தமாம். 1969இல், காந்தி நூற்றாண்டு வருடத்தில், கல்லூரிகளில் தொடங்கிய திட்டம் இது. வருடத்துக்கு 120 மணி நேரம் வேலை, அப்புறம் ஏழு நாள் கிராமத்தில் முகாம்.

எங்கள் முகாம் காலாண்டு விடுமுறையில், சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில். அங்கே ஓர் ஊரணி, கரை முழுக்கச் சீமைக்கருவேலம். தாவரவியல் சார்தான் திட்ட அலுவலர். முதல் நாள் அரிவாளைத் தொடவே விடவில்லை. டீக்கடையில் போய் உட்கார்ந்து, ஊரணியில் கடைசியாக எப்போது குடிதண்ணீர் எடுத்தார்கள் என்று கேட்டு வரச் சொன்னார். எங்களுக்கு எரிச்சல். மறுநாளிலிருந்து மூன்று நாள் வெட்டினோம். முள், செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும். நாங்கள் வெட்டிக் குவித்துப் பெருமையாக நின்றபோது டீக்கடைத் தாத்தா வந்து பார்த்தார். "கிராப்பு வெட்டிவிட்ட மாதிரில்ல இருக்கு. தூரோட தோண்டலேன்னா அடுத்த மழைக்கு இதைவிட அடர்த்தியா வரும் தம்பி" என்றார். சார் எங்களைத் திட்டவில்லை. மண்வெட்டியை எடுத்து அவரே ஒரு தூரைத் தோண்ட ஆரம்பித்தார். மீதி நாளில் எங்களால் தோண்ட முடிந்தது பதினேழு தூர். ஊரணிக் கரையில் ஒரு மூலைகூட முடியவில்லை.

அடுத்த வருடமும் சார் புது பேட்சை அதே ஊருக்குத்தான் கூட்டிப்போனார். வேறு ஊருக்குப் போனால் புதிதாக வெட்டி, புதிதாக போட்டோ எடுத்துக்கொள்ளலாம். அவர் பதினெட்டாவது தூரிலிருந்து தொடங்கினார்.

இதே பள்ளியில் இன்னொரு மன்றமும் இருந்தது, பெயர் வேண்டாம். வருடா வருடம் சந்தா வாங்குவார்கள். அது கூடி நான் பார்த்ததே இல்லை. அறிவிப்புப் பலகையில் பெயர் மட்டும் பெயின்ட் மங்காமல் இருக்கும். ஆக, மன்றம் என்றால் அதை நடத்துகிற ஆசிரியர்தான். தன் பாடத்தையும் நடத்தி, விடைத்தாளையும் திருத்தி, அதற்கு மேல் சனிக்கிழமையையும் கொடுக்கிற ஒருவர். அரசுப் பள்ளிகளில் 2022இல் வந்த வானவில் மன்றத்தில்கூட, அறிவியல் சோதனைப் பொருட்களை வண்டியில் வைத்துக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிற ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் வராத வாரம் அது வெறும் பெயர்தான்.

அதனால் அவனிடம், "தாளைப் பார்த்து டிக் அடிக்காதே. சனிக்கிழமை போய் மைதானத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார். ஒன்பதாம் வகுப்பு அண்ணன்களிடம், போன மாதம் என்ன செய்தீர்கள் என்று கேள்" என்றேன்.

போய்விட்டு வந்தான். "பசுமைப் படை மிஸ் மட்டும்தான் மாமா வந்திருந்தார்கள். சத்துணவுக்கூடத்துக்குப் பின்னாடி உரக்குழி வைத்திருக்கிறார்கள். என்னையும் கிளறச் சொன்னார்கள்."

"சாப்பாடு?"

"கிடையாதாம். போன வருடம் விளைந்த வெண்டைக்காயைப் பங்கு போட்டுக்கொண்டார்களாம்."

டிக் அடித்துவிட்டான். வெள்ளைச் சட்டையில் அந்தக் கறை போகவில்லை என்று அக்கா இரண்டு நாளாக என்னிடம் சரியாகப் பேசவில்லை. கீழே நாலாவது விசில் வந்துவிட்டது, நான் போய் அடுப்பை அணைக்கிறேன்.