1,029 டாலர் காபியும் 90 சென்ட் காபியும்

[திரையில்: மலைச்சரிவில் காபிச் செடிகள். மேலே 21, 1,029 என்ற எண்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன.]

2004-ஆம் ஆண்டு பனாமாவில் நடந்த காபி ஏலத்தில், ஒரு தோட்டத்தின் கெய்ஷா வகைக் கொட்டை பவுண்டுக்கு 21 டாலர் என்று விலைபோனபோது, அந்தத் தொழிலில் இருந்தவர்களே வியந்தார்கள். 2019-இல் அதே நாட்டின் ஏலத்தில் வேறொரு தோட்டத்துக் கெய்ஷா பவுண்டுக்கு 1,029 டாலர் என்று போனது. அதே 2019-இன் ஏப்ரல், மே மாதங்களில், உலகின் பெரும்பாலான அரபிகா காபிக்கு அளவுகோலாக இருக்கும் நியூயார்க் முன்பேரச் சந்தையில், அதாவது பின்னாளில் தரவேண்டிய சரக்குக்கு முன்கூட்டியே விலை பேசும் சந்தையில், ஒரு பவுண்டின் விலை 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கியிருந்தது. பல நாடுகளின் விவசாயிகளுக்கு அது சாகுபடிச் செலவைக்கூட ஈடுகட்டாத விலை.

ஸ்பெஷாலிட்டி காபியை, அதாவது சுவையில் உயர்ந்ததென்று மதிப்பிடப்பட்ட காபியைப் பற்றிய பேச்சில் 1,029 போன்ற எண்தான் அடிக்கடி ஒலிக்கிறது. விவசாயியின் வாழ்க்கையோ பெரும்பாலும் 90 சென்ட் போன்ற சந்தை விலையோடு கட்டுண்டு கிடக்கிறது. இந்த இடைவெளி எப்படி உண்டானது, நல்ல விலை கொடுப்பதாகச் சொல்பவர்கள் உண்மையில் எதைக் கொடுக்கிறார்கள் என்பதை இந்த வீடியோவில் பார்க்கலாம்.

[திரையில்: ஏறி இறங்கும் விலைக் கோடு. 1989, 2001 ஆகிய இடங்களில் புள்ளிகள்.]

1962-இல் கையெழுத்தான சர்வதேச காபி ஒப்பந்தம், எந்த நாடு எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வகுத்து, விலை அதலபாதாளத்துக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது. 1989-இல் அந்த அளவு முறை முறிந்தது. அடுத்த பத்தாண்டில் வியட்நாம் உலகின் இரண்டாவது பெரிய உற்பத்தி நாடாக எழுந்தது. சந்தையில் காபி குவிந்தது. 2001-இல் விலை பவுண்டுக்கு 50 சென்ட்டுக்கும் கீழே போனது. காபிச் செடி பலன் தரத் தொடங்கவே மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். விலை விழுந்த ஆண்டில் அதைப் பிடுங்கிவிட்டு வேறு பயிருக்கு மாறி, விலை ஏறியதும் திரும்பி வருவது எளிதான காரியமில்லை.

இந்தப் பின்னணியில்தான் ஸ்பெஷாலிட்டி காபி ஒரு வாக்குறுதியோடு வந்தது: தரத்தை உயர்த்துங்கள், சந்தை விலையிலிருந்து உங்களைப் பிரித்தெடுக்கிறோம். சுவை மதிப்பீட்டாளர்கள் 100-க்கு 80 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் கொடுத்தால் அது ஸ்பெஷாலிட்டி. வாக்குறுதி பொய்யில்லை. 80-ஐத் தாண்டிய கொட்டைக்குக் கூடுதல் விலை கிடைக்கத்தான் செய்கிறது. சிக்கல், அந்த விலை எத்தனை கிலோவுக்குக் கிடைக்கிறது என்பதில் இருக்கிறது.

[திரையில்: பத்து மூட்டைகள். ஒன்று மட்டும் நிறம் மாறுகிறது.]

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு விவசாயிக்கு ஓராண்டில் 1,000 கிலோ பச்சைக் கொட்டை, அதாவது இன்னும் வறுக்காத கொட்டை, கிடைக்கிறது. அதில் மிகச் சிறந்த 100 கிலோவை, கொட்டையை வறுத்து விற்கும் ஒரு வறுப்பாளர் கிலோ 8 டாலருக்கு வாங்குகிறார். மீதி 900 கிலோ உள்ளூர் வியாபாரியிடம் கிலோ 3 டாலருக்குப் போகிறது. வறுப்பாளர் தன் பொட்டலத்தில், சந்தை விலையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கொடுத்தோம் என்று அச்சிடலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இராது. ஆனால் விவசாயிக்குச் சராசரியாகக் கிடைத்தது கிலோவுக்கு மூன்றரை டாலர். எல்லாவற்றையும் வியாபாரிக்கே விற்றிருந்தால் கிடைத்திருப்பதைவிட அரை டாலர்தான் கூடுதல்.

அந்த அரை டாலரும் முழுதாகக் கையில் நிற்பதில்லை. செடியில் பழங்கள் ஒரே நாளில் பழுப்பதில்லை. எனவே பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டுமானால் ஒரே செடிக்குப் பலமுறை ஆளனுப்ப வேண்டும். எந்த மரத்துப் பழம் அந்த 100 கிலோவில் சேரும் என்று முன்கூட்டித் தெரியாததால், இந்தக் கவனத்தைத் தோட்டத்தின் பெரும்பகுதிக்கும் செலுத்தியாக வேண்டும். ஒரு கிலோ பச்சைக் கொட்டைக்கு ஐந்து, ஆறு கிலோ பழம் தேவைப்படுகிறது. அதன்பின் உலர்களத்தில் வாரக்கணக்கில் கிளறிக் காயவைக்கும் உழைப்பும், நடுவில் ஒரு மழை பெய்தால் பூஞ்சை பிடித்துவிடும் அபாயமும் இருக்கின்றன. பழத்தை நொதிக்கவைத்துப் புதிய சுவைகளைத் தேடும் அண்மைக்கால மோகத்தில், சோதனை தோற்றால் அந்தப் பழத்தின் இழப்பு பெரும்பாலும் தோட்டக்காரருடையதாகவே முடிகிறது.

மதிப்பெண் விஷயமும் இப்படித்தான். 80 என்ற கோடு துல்லியமானதாகத் தோன்றினாலும், அது பயிற்சி பெற்ற சிலருடைய நாக்கின் தீர்ப்பு. பல விவசாயிகளிடம் தங்கள் காபியைத் தாங்களே மதிப்பிட்டுப் பார்க்கும் வசதி இல்லை. வாங்குபவர் 79 என்று சொன்னால், அதை எதிர்த்துப் பேச அவர்கள் கையில் எண் எதுவும் இருக்காது. விற்பவருடைய தராசை வாங்குபவரே வைத்திருக்கும் வணிகம் வேறு எத்தனை இருக்கும்?

[திரையில்: தோட்டத்திலிருந்து துறைமுகம் வரை ஒரு கோடு. நடுவில் ஆலை, கூட்டுறவுச் சங்கம், ஏற்றுமதியாளர்.]

நேர்மையாக நடக்க விரும்பும் வறுப்பாளர்கள் விலையை வெளியிடுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் வெளியிடுவது எஃப்.ஓ.பி. விலை, அதாவது துறைமுகத்தில் கப்பலேற்றும் நிலையில் கொட்டைக்கு உள்ள விலை. ஆலையின் கூலி, போக்குவரத்து, ஏற்றுமதியாளரின் பங்கு, வாங்கிய கடனுக்கான வட்டி எல்லாம் கழிந்தபின் தோட்டத்து வாசலில் வந்துசேரும் தொகை வேறு. ‘நேரடி வணிகம்’ என்ற சொல்லுக்கும் எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை கிடையாது. ஒருவர் அதை ஆண்டுதோறும் வந்து பேசி வாங்குவதற்கும், இன்னொருவர் ஒருமுறை வந்து படமெடுத்துச் சென்றதற்கும் பயன்படுத்தலாம்.

பழம் பறிக்கும் கூலியாட்கள் இந்தப் பேச்சில் இடம்பெறுவதே அரிது. அவர்களுக்குக் கூலி பெரும்பாலும் எடைக் கணக்கில் கிடைக்கிறது. பழுத்ததை மட்டும் தேடிப் பறித்தால் எடை குறையும். கிலோவுக்கான கூலியைக் கூட்டித்தராத தோட்டத்தில், உயர்ந்த தரத்துக்கான விலையைக் கட்டுவது அவர்களுடைய நாள்கூலிதான். பிரேசில் அரசு, அடிமைத்தனத்துக்கு நிகரான நிலையில் ஆட்களை வைத்திருந்தவர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிடுகிறது. காபித் தோட்டங்கள் அதில் இடம்பெற்றிருக்கின்றன. கோப்பையில் உள்ள மதிப்பெண் இதையெல்லாம் அளப்பதில்லை.

ஆகவே ஒரு வறுப்பாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கிலோவுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதாக இருக்க வேண்டியதில்லை என்று கருதுகிறேன். அந்த விவசாயியின் விளைச்சலில் எவ்வளவு வாங்கினீர்கள், எத்தனை ஆண்டுகளாக வாங்குகிறீர்கள், மதிப்பெண் ஓரிரு புள்ளி குறைந்த ஆண்டில் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், நட்டத்தை யார் சுமக்கிறார்கள் என்பது வெளிப்பட்டுவிடும்.

[திரையில்: உறைபனியில் கருகிய இலைகள்.]

நட்டத்தைப் போலவே லாபத்திலும் இந்தக் கேள்வி எழுகிறது. 2021 ஜூலையில் பிரேசிலில் உறைபனி விழுந்து சந்தை விலை எகிறியபோது, கொலம்பியாவில் முன்னரே குறைந்த விலைக்கு ஒப்பந்தம் செய்திருந்த விவசாயிகள் பலர், அந்தக் கொட்டையை ஒப்புக்கொண்டபடி கொடுக்காமல் அன்றைய விலைக்கு வேறிடத்தில் விற்றார்கள். வாக்கு மீறல் என்றார்கள் வாங்கியவர்கள். அது சரியான சொல்தான். விலை சரியும் ஆண்டில் மறு ஒப்பந்தம் போடாமல் விலகிக்கொள்ளும் வணிகருக்கு மட்டும் அப்படியொரு சொல் இல்லை.

ஃபேர்டிரேடு என்ற நியாய வணிகச் சான்றிதழ் முறையில் இதற்கு ஒரு விதி உண்டு: குறைந்தபட்ச விலை, சந்தை விலை இரண்டில் எது அதிகமோ அதையே கொடுக்க வேண்டும். கழுவிப் பதப்படுத்திய அரபிகாவுக்கு அந்தக் குறைந்தபட்ச விலை 2023-இல் பவுண்டுக்கு 1.40 டாலரிலிருந்து 1.80 டாலராக உயர்த்தப்பட்டது. தரத்துக்குத் தனிப் பரிசு தருவது அந்த முறையின் நோக்கமில்லை. ஆனாலும் அதே வரியை ஒரு ஸ்பெஷாலிட்டி ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள எந்தத் தடையும் கிடையாது. எழுதினால், சந்தை ஏறும் ஆண்டில் வறுப்பாளர் தன் லாபத்தைக் குறைத்துக்கொள்ளவோ, கோப்பையின் விலையை உயர்த்தி அதற்கான காரணத்தை வாடிக்கையாளரிடம் விளக்கவோ வேண்டியிருக்கும்.