பாதை வர நேரமாகும்

(திருகோணமலையில் எழுத்தாளர் கூட்டம் ஒன்றில் பேசியது. கேட்டவர்களில் சிலர் எழுத்தில் வேண்டும் என்றதால் தருகிறேன்.)

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நகரசபையிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்வித் திணைக்களப் பெரியவர்களே, பொது நூலகத்தின் நூலகர் அம்மையார் அவர்களே, மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலையோடு வந்திருக்கும் எழுத்தாள நண்பர்களே, வாசலில் படுத்திருந்த மான்களைச் சுற்றி உள்ளே வந்த வாசகப் பெருமக்களே, எல்லோருக்கும் வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். யாரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். போன வருடம் ஒரு விழாவில் பொன்னாடை போர்த்தியவரின் பெயரை விட்டுவிட்டு இன்றுவரை அவரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறேன்.

தலைவர் அவர்கள் என்னை அறிமுகம் செய்யும்போது, நாற்பது வருடமாக மற்றவர்களுடைய நாவல்களைத் திருத்துகிறவர் என்றார். முப்பத்தொரு வருடம். அதையும் திருத்திவிடுகிறேன், தொழில் பழக்கம்.

நாவலின் முதற்பிரதியைச் செம்மையாக்குவது பற்றி ஐந்து விடயங்கள் சொல்ல வந்தேன். வெட்டுவது, காலக்கணக்கு, பாத்திரங்களின் பெயர், பேச்சுமொழி, முடிவு. தொடங்குமுன் ஒரு பழமொழி. எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான். இரண்டு பேருக்கும் நடுவில் சிவப்புப் பேனையோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் எதைக் கெடுத்தான் என்று பழமொழி சொல்லவில்லை. அதை நான் சொல்கிறேன்.

முதலில் வெட்டுவது. அநேகமான முதற்பிரதிகளில் கதை மூன்றாம் அத்தியாயத்தில்தான் தொடங்குகிறது. முதல் இரண்டும் எழுத்தாளர் தொண்டையைச் செருமுவது. கலியாண வீட்டுச் சமையலுக்குப் பதினான்கு பக்கம் எழுதிய ஒருவரிடம், மாப்பிள்ளை எங்கே என்று கேட்டேன். அடுத்த அத்தியாயத்தில் வருகிறார் என்றார். காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு, கோபிக்க முடியாது. நான் செய்வது ஒன்றே ஒன்று. முதல் வாசிப்பில் கையில் பேனை எடுப்பதில்லை. இரண்டாம் வாசிப்பில் உரக்க வாசிக்கச் சொல்கிறேன், எழுதியவரையே. எங்கே அவருக்கே மூச்சு வாங்குகிறதோ, எங்கே வரிகளைத் தாண்டி ஓடுகிறாரோ, அங்கே ஓரத்தில் ஒரு கோடு. வெட்டச் சொல்வது நானில்லை, அவருடைய நாக்கு.

காலக்கணக்குக்கு ஓர் உதாரணம் போதும். உப்புவெளிக் கரையில் மார்கழி மாதத்தில் கரைவலை இழுக்கிறார்கள் என்று ஒரு நாவலில் வந்தது. வாடைக்காற்றில் நம்முடைய கடல் எப்படிக் கொந்தளிக்கும் என்று இந்தச் சபைக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆசிரியருக்கு மார்கழிதான் வேண்டுமாம், திருவெம்பாவை கேட்க வேண்டுமாம். சரி, திருவெம்பாவை இருக்கட்டும், வலையைக் கரையில் காயப் போடுங்கள் என்றேன். அந்தக் காயும் வலையிலிருந்துதான், வலைக்கு முதலாளியான சம்மாட்டியின் கடன் கதை முழுக்கப் பிறந்தது. திருத்துகிறவனுக்குக் கிடைக்கும் கூலி அதுதான். சில நேரம் ஒரு சட்டி எருமைத் தயிரும்.

அடுத்தது பேச்சுமொழி. இங்கேதான் நான் கெடுத்த கதை வருகிறது.

அப்போது நான் வாத்தியார், இடமாற்றத்தில் வடக்கேயிருந்து இந்த ஊருக்கு வந்து எட்டு மாதம். இலக்கணம் படித்தவன் என்ற கொழுப்பு வேறு. கிண்ணியா நண்பர் ஒருவர் நாவல் எழுதி, பார்த்துத் தாருங்கள் சேர் என்று கொண்டுவந்து கொடுத்தார். முதல் வரி, “பாதை வர நேரமாகும் என்றார்கள்.” பாதை எப்படி வரும், நாம்தானே பாதையில் போக வேண்டும்? பாதையை வெட்டி ‘பஸ்’ என்று போட்டேன். கொஞ்சம் தள்ளி, “பாதையில் நாலு மாடும் ஒரு லொறியும் ஏறின.” ஏறினவாவது? ‘போயின’ என்று திருத்தினேன். அப்புறம் ஒரு வரி. “பாதை நடு ஆற்றில் நின்றுபோனது.” எனக்குப் புல்லரித்துவிட்டது. ஓரத்தில் எழுதினேன், ‘அருமையான படிமம்!’ ஆச்சரியக்குறியோடு.

அதோடு விட்டேனா? கதையில் ஆசியா உம்மா என்று ஒரு கிழவி. தாயின் ஜனாஸா நல்லடக்கத்துக்குப் போக முடியாமல் போகிறாள். “பாதையைத் தவறவிட்ட ஆசியா உம்மா கரையில் இருந்து அழுதாள்” என்று நண்பர் எழுதியிருந்தார். நான் சொற்சிக்கனம் பார்க்கிறவன். ‘பாதை தவறிய ஆசியா உம்மா’ என்று சுருக்கினேன்.

(சபையில் கிண்ணியாக்காரர்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரமானது.)

மூன்றாம் நாள் நண்பர் சைக்கிளில் வந்தார். முகத்தில் கோபமில்லை. “சேர், அது என்ட மூத்தம்மா” என்றார். ஆசியா உம்மா அவருடைய பாட்டியாம். நான் விழித்தேன். “வாங்க சேர், கிண்ணியாவுக்கு ஒருக்காப் போய் வருவம்” என்று கூட்டிக்கொண்டு போனார். அது சோதனைச்சாவடிக் காலம். இரண்டு இடத்தில் இறங்கி, அடையாள அட்டை காட்டி, துறைக்குப் போனால் நல்ல கூட்டம். மீன்பெட்டி, சைக்கிள், ஆடு, பிள்ளைகளோடு தாய்மார், எல்லோரும் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பெரியவர் என்னைப் பார்த்துச் சொன்னார், “பாதை வர நேரமாகும், இருங்க தம்பி.” எனக்கு வயிற்றுக்குள் ஏதோ புரண்டது. கொஞ்ச நேரத்தில் அக்கரையிலிருந்து வந்தது. தட்டையான பெரிய மிதவை. அதன்மேல் ஒரு லொறி. லொறிக்குப் பக்கத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், மாடுகள். ஏறினோம். நடு ஆற்றில் நண்பர் என் தோளைத் தொட்டார். “சேர், இப்ப நீங்க நிக்கிறீங்களே, இதான் அந்தப் படிமம்.”

எழுதியவன் ஏட்டைக் கெடுக்கவில்லை, படித்தவனும் கெடுக்கவில்லை. திருத்தியவன் ஒரு மூத்தம்மாவின் மானத்தையே கெடுக்கப் பார்த்தான். அன்றிரவே என் சிவப்பு மையை வரிவரியாக வெட்டிப் பழைய சொற்களை மீட்டேன். இந்தத் தொழிலில் நான் செய்த மிக நல்ல திருத்தம் அதுதான்.

இன்று அந்தத் துறையில் பாதை இல்லை. 2009இல் பாலம் திறந்துவிட்டார்கள். நல்லது, யாரும் ஜனாஸாவைத் தவறவிடத் தேவையில்லை. ஆனால் பாலத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை நாளைக்கு ஒரு நாவலைத் தட்டச்சு செய்யும்போது, அந்தச் சொல்லை என்ன செய்யும்? தம்பலகாமத்து வயல் வட்டையில், வரம்பில் தண்ணீர் பாய வெட்டிய வாயை வக்கடை என்கிறார்கள், சூடு மிதிக்கும் களத்தைக் களவெட்டி, களத்து நெல்லைப் பொலி என்கிறார்கள். கணினி எல்லாவற்றுக்கும் அடியில் சிவப்புக் கோடு போடுகிறது, எட்டு மாதத்து வாத்தியார் மாதிரி.

இந்த ஊருக்கு நாவல் புதிதல்ல. தமிழின் முதல் வரலாற்று நாவலான மோகனாங்கியை 1895இல் எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளை இந்த மண்ணில் பிறந்தவர். அவருடைய அண்ணன் கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் ஏடுகளைப் பார்த்துப் பதிப்பித்தவர். தம்பி எழுத்து, அண்ணன் பதிப்பு. ஒரு வீட்டில் இரண்டு கையும் இருந்திருக்கிறது. இப்போது வெளியீட்டு விழாவுக்கு மண்டபம், மாலை, பொன்னாடை, சிற்றுண்டி எல்லாவற்றுக்கும் காசு ஒதுக்குகிறோம், திருத்துவதற்கு ஒரு கிழமை ஒதுக்குவதில்லை. அழைப்பிதழ் அடித்த பிறகு பிரதி என்னிடம் வருகிறது!

ஆகவே நகரசபை உறுப்பினர்களிடமும் நூலகர் அம்மையாரிடமும் ஒரு விண்ணப்பம். நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டு தாருங்கள், ஒரு மேசை தாருங்கள். ஊர்ச் சொல்லேடு ஒன்று வைப்போம். மீனவர், கமக்காரர், கிழவிகள், யார் வந்தாலும் சொல்லைச் சொல்லி, அது எங்கே எப்படி வழங்குகிறது என்று எழுதிவிட்டுப் போகட்டும். நாவல் திருத்துகிறவன் முதலில் அதைப் புரட்டிவிட்டுப் பேனையை எடுக்கட்டும். இதைப் போன வருடமும் சொன்னேன், அதற்கு முந்தைய வருடமும் சொன்னேன். அடுத்த வருடமும் கூப்பிட்டால் சொல்வேன்.

தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். பாத்திரங்களின் பெயரும் முடிவும் குறிப்பில் கிடக்கட்டும். இதோ, அந்தச் சொல்லேட்டுக்காக என் காசில் வாங்கிய சீ.ஆர். கொப்பி. முதல் பக்கத்தில் ‘பாதை’ என்று எழுதி, கிண்ணியா நண்பரின் விளக்கத்தையும் போட்டிருக்கிறேன். இரண்டாம் பக்கம் வெறுமை. மேசையில் பேனை கட்டியிருக்கிறது. தேநீருக்குப் போகிற வழியில் ஆளுக்கொரு சொல் எழுதுங்கள். மூதூர்க்காரர் முதலில் வாருங்கள், உங்களுக்குத்தான் பஸ்.