பேண்டுக்கு மியூசிக் வீடியோ: கேமராவைத் தொடும் முன்

[திரை கருப்பாக இருக்கிறது. பாட்டு மட்டும் கேட்கிறது.]

முதலில் பாட்டைக் கேளுங்கள். ஒரு தடவை இல்லை, பத்து தடவை. இன்னும் எந்த நிறுவனத்திலும் ஒப்பந்தமாகாத ஒரு பேண்ட், மாணவர்களான உங்களை நம்பித் தன் பாட்டைத் தந்திருக்கிறது. லொகேஷன், லைட், உடை எல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

[ஒரு தாள். கை ஒன்று கட்டம் போடுகிறது.]

முன்னிசை, சரணம், பல்லவி, இடையிசை என்று பாட்டைப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் எந்த நொடியில் தொடங்குகிறது என்று குறியுங்கள். நிமிடத்துக்கு 120 பீட், நாலு பீட்டுக்கு ஒரு பார் என்றால், ஒரு பாருக்கு 2 நொடி. எட்டு பார் சரணம் 16 நொடியில் முடிந்துவிடும். அதற்குள் நாயகி வீட்டில் சண்டை போட்டு, பஸ் பிடித்து, தோழியைப் பார்த்து அழ முடியுமா? முடியாது என்று தாளே காட்டிவிடும். மூன்றரை நிமிடப் பாட்டுக்குள் முழுப்படக் கதையைத் திணிப்பதுதான் மாணவர் வீடியோக்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. ஒருத்தி கிளம்பலாமா வேண்டாமா என்று தயங்குகிறாள் என்ற அளவுக்குக் கதை இருந்தாலே தாராளம்.

அதே தாளில், பேண்ட் வாசிப்பது எங்கே தெரிய வேண்டும், கதை எங்கே வர வேண்டும் என்றும் எழுதுங்கள். டிரம்ஸ் முதன்முதலாக நுழையும் நொடிக்கு ஒரு புது இடத்தையோ புது முகத்தையோ சேமித்து வையுங்கள்.

இறுதி மிக்ஸ், அதாவது குரலையும் கருவிகளையும் கலந்து முடித்த பாட்டு, கைக்கு வராமல் படப்பிடிப்புத் தேதி குறிக்காதீர்கள். நாங்கள் ஒருமுறை அரைகுறை மிக்ஸை வைத்து எடுத்துவிட்டோம். பிறகு பேண்ட் பாட்டின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியது. எடிட்டிங்கில் ஒரு வரிக்குக்கூட உதடு ஒட்டவில்லை. மறுபடி எடுத்தோம்.

[கையெழுத்திட்ட கடிதம்.]

அனுமதி எழுத்தில் வேண்டும். வரிக்கும் மெட்டுக்கும் ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை. பேண்டை விட்டுப் போன ஒருவர் வரிகளை எழுதியிருந்தால் அவரிடமும் கேளுங்கள். வகுப்பில் மட்டும் காட்டுவதா, இணையத்தில் ஏற்றுவதா என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

[படப்பிடிப்பு. ஸ்பீக்கரில் பாட்டு ஒலிக்கிறது.]

சரி, எடுக்கும் நாள். முதலில் பேண்ட் முழுவதும் தெரிகிற மாதிரி பாட்டை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே டேக்காக எடுங்கள். மற்றது எது சொதப்பினாலும் வீடியோ ஒன்று கையில் இருக்கும். அடுத்து, களைப்பதற்குள் பாடகரின் முகம். அதன் பிறகு கருவிகள். கேமரா மைக்கை அணைக்காதீர்கள். அதில் பதியும் ஒலியை வைத்துத்தான் படத்தைப் பாட்டோடு பொருத்தப் போகிறீர்கள். டிரம்ஸ் சத்தத்தில் ஸ்பீக்கர் கேட்காமல் போகும், அதனால் டிரம் மேல் துண்டு விரியுங்கள். ஆனால் அடிப்பது நிஜமாக இருக்கட்டும். பொய்யாக ஓங்கினால் தோளிலேயே தெரிந்துவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த உத்தி ஒன்று: எல்லாம் மெதுவாக நகர, உதடு மட்டும் பாட்டோடு சரியாக ஒட்டும். பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு, பாடகரை அதே வேகத்தில் வாயசைக்கச் சொல்லி, நொடிக்கு 50 ஃப்ரேமில் எடுங்கள். எடிட்டிங்கில் அதை 25 ஃப்ரேமாக ஓடவிட்டால் அசைவு பாதி வேகத்துக்கு இறங்கும். வாய் பழைய வேகத்துக்கு வந்துவிடும், தலைமுடியும் உடையும் மட்டும் மிதக்கும். இரட்டை வேகத்தில் வரிகள் நாக்கில் புரளாது. அந்த ஃபைலை ஒரு வாரம் முன்பே பாடகரிடம் கொடுத்துப் பழகச் சொல்லுங்கள்.

கடைசி அரை மணி நேரத்தை விரல், தந்தி, ஆம்ப்ளிஃபையரின் சிவப்பு விளக்கு, பெடல் மேல் பாதம் இவற்றுக்கு ஒதுக்குங்கள். இரண்டு டேக் ஒட்டாத இடத்தில் நடுவே வைக்க இந்தத் துண்டு ஷாட்டுகள்தான் கைகொடுக்கும்.

[பெடலை அழுத்தும் பாதம். பாட்டு நிற்கிறது.]